குலுங்கக் குலுங்க நிமிரும் கார்

பின்சீட்டில் ஆட்களும் டிக்கியில் பெட்டிகளும் நிறைந்ததும் காரின் பின்பகுதி தாழ்வது வெறும் தோற்றக் குறை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அந்தச் சரிவினால் முகப்பு விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறது. பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கென விடப்பட்ட இடைவெளியும் சுருங்கிவிடுகிறது. சுருள்வில்லைக் கடினமாக்கினால் இக்குறை நீங்கும் என்றாலும், ஓட்டுநர் மட்டும் செல்லும் நாளில் அதே வில் வண்டியைத் தூக்கிப் போடும். சுமைக்கேற்பத் தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் பின்சஸ்பென்ஷன் இந்த இக்கட்டிலிருந்து பிறந்தது.

பிரான்சின் சித்ரோவன் நிறுவனம், போல் மாஜெஸ் என்னும் பொறியாளர் உருவாக்கிய முறையை 1954இல் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கும், மறு ஆண்டில் தன் புகழ்பெற்ற டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பொருத்தியது. அதில் உலோக உருண்டைக்குள் அடைபட்ட நைட்ரஜன் வில்லாக வேலை செய்ய, எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெயைச் செலுத்தி உயரத்தை நிலைநிறுத்தியது. 1955இல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனமோ இதே வேலைக்கு மின்மோட்டாரையும் முறுக்குத்தண்டுகளையும் நாடியது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் மோட்டார் ஓடாதிருக்கச் சில விநாடித் தாமதமும் அதில் வைக்கப்பட்டிருந்தது.

இவற்றைவிட வியப்புக்குரியது, எஞ்சினையோ மின்சாரத்தையோ நாடாத ஜெர்மானியக் கருவியான நிவோமாட். சற்றே தடித்த ஷாக் அப்சார்பர் போலத் தோன்றும் இதன் மேல்தண்டு உள்ளீடற்றது. அதற்குள் மெல்லிய பம்புத்தண்டு ஒன்று நுழைந்து நிற்கிறது. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது இவ்விரண்டும் சைக்கிள் பம்பைப் போல ஒன்றுக்குள் ஒன்று சென்று வர, குறைந்த அழுத்தமுள்ள அறையிலிருந்து எண்ணெய் இழுக்கப்பட்டு உயர் அழுத்த அறைக்குள் தள்ளப்படுகிறது. அங்குள்ள வாயு இறுகி, தண்டை வெளியே தள்ளி, தாழ்ந்த வண்டியை உயர்த்துகிறது. உரிய உயரம் வந்ததும் பம்புத்தண்டிலுள்ள ஒரு வழி திறந்து, மிகுதி எண்ணெய் பழைய அறைக்கே திரும்பிவிடுகிறது; சுமையை இறக்கியபின் எழும்பி நிற்கும் வண்டியைத் தாழ்த்துவதும் அதே வழிதான். வண்டி நிமிர்வதற்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் சாலையின் குலுக்கலிலிருந்தே கிடைப்பதால், சுமையேற்றியவுடன் தாழ்ந்து கிடக்கும் கார் சிறிது தூரம் ஓடிய பின்னரே மட்டத்துக்கு வருகிறது. வழுவழுப்பான சாலையைவிடக் கரடுமுரடான சாலையில் விரைவாக வந்துவிடுகிறது என்பது இதன் விந்தை. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவரின் பின்அச்சின் நடுவிலும் இவ்வினத்தைச் சேர்ந்த ஒற்றைக் கருவி இருந்தது.

வண்டி மட்டமாக நிற்பதைக் கண்டு, இன்னும் ஏற்றலாம் என்று முடிவுசெய்வோர் உண்டு. கருவி உயரத்தைக் காக்கிறதேயன்றி டயரின் தாங்குதிறனையோ பிரேக்கின் வலிமையையோ ஒரு கிலோகூடக் கூட்டுவதில்லை.

இதனினும் பரவலான தவறு பட்டறையில் நேர்கிறது. எண்ணெய் கசிந்த நிவோமாட்டைக் கழற்றிவிட்டு, விலை குறைவு என்பதற்காகச் சாதாரண ஷாக் அப்சார்பரைப் பொருத்திவிடுகின்றனர். சாதாரண ஷாக் அப்சார்பர் அசைவை அடக்குவதோடு சரி. நிவோமாட் வண்டியின் எடையிலும் ஒரு பங்கைச் சுமப்பதால், அதற்கேற்ப மென்மையான சுருள்விற்களே அக்கார்களில் இருக்கும். ஆகவே அந்த மாற்றத்துக்குப் பின் வெறும் வண்டியே தாழ்ந்து நிற்கும். சாதாரண வகைக்கு மாறியே ஆகவேண்டுமெனில், அதற்குரிய கடினமான சுருள்விற்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.