சுருண்டு கிடக்கும் நூல்

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை வாடை வீசும். பிறகு குரோம் வந்தது. சுழலும் மர டிரம்களிலிருந்து ஈரத்தோல் வெளிர்நீலமாக இறங்கத் தொடங்கியது. பட்டையோ குரோமோ, செய்யும் வேலை ஒன்றுதான்: தோலின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் காப்பது. ஃபார்மலினுக்கும் அந்தக் குணம் உண்டு. செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி மடிந்து கிடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்ததும் அதே ஃபார்மலின்தான்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த மரபணு, கோட்டில் வரிசையாகப் போட்ட கட்டம். ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒரு புரதத்தைத் தரும் பீட்டா குளோபின் மரபணுவும் மனிதனின் 11ஆம் குரோமோசோமில் அப்படி ஒரு கட்டம். அதை முடுக்கிவிடும் துண்டோ சுமார் 50,000 டிஎன்ஏ எழுத்து தள்ளி இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து அது எப்படி வேலை செய்கிறது? 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எலியின் செல்களை ஃபார்மலினால் பிணைத்து, டிஎன்ஏவை நறுக்கி, அருகருகே இருந்த முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். ரத்தச் செல்லில் அந்தத் துண்டும் மரபணுவும் தொட்டுக்கொண்டிருந்தன. இடையிலிருந்த டிஎன்ஏ நூல் வளையமாக வெளியே தள்ளி நின்றது. குளோபின் தேவைப்படாத மூளைச் செல்லில் அந்த வளையம் இல்லை.

ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நூல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராத உட்கருவுக்குள் அடங்குகிறது. முதலில் நூல், உருண்டை ஒன்றுக்கு 147 எழுத்தாக, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளைச் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் கோஹெசின் என்னும் புரத வளையம், ஷூவின் கண்வழியாக லேஸை இழுப்பதுபோல் நூலை இழுத்து மடிப்புகளைப் போடும்.

இந்த மடிப்பு வேலூருக்கு மிக நெருக்கமான சங்கதி. கருவில் இருக்கும்போது அந்த முடுக்கிவிடும் துண்டு, கருக்கால ஹீமோகுளோபினுக்கான காமா குளோபின் மரபணுவைத் தொடுகிறது. பிறப்பையொட்டி, தொடுகை பீட்டாவுக்கு மாறுகிறது. பீட்டா பழுதான குழந்தைக்கு அதனால்தான் தலசீமியா என்னும் ரத்தசோகை நோய் பிறந்தவுடன் தெரியாது, சில மாதம் கழித்தே முகம் வெளுக்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும்.

வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. பெரும் விடிவுதான், ஆனால் மஜ்ஜை பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும். ஓர் உடன்பிறப்பு பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று.

இன்று வேலூர் பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் வேறு வழி தேடுகிறார்கள். காமா மரபணு எங்கும் போய்விடவில்லை. பழுதில்லாமல் அப்படியே அடங்கிக் கிடக்கிறது. அதன் முகப்பில் ஓர் எழுத்தை மாற்றினால் மறுபடி விழித்துக்கொள்ளுமா? எந்தெந்த எழுத்து மாற்றம் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது என்று அங்கே செல்களில் ஒவ்வொன்றாகச் சோதித்து, 2022இல் வெளியிட்டார்கள். காமாவை எழுப்பும் மரபணுத் திருத்தச் சிகிச்சை ஒன்றுக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இந்த வேலை வேலூரிலேயே நடந்தாக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அந்த ஒரு எண் போதும்.

சி.எம்.சி.க்கு வருவோர் தங்கும் காந்தி ரோட்டு லாட்ஜ்களின் பெயர்ப்பலகைகளில் தமிழோடு வங்காளமும் இருக்கிறது. இரண்டு நாள் ரயிலில் வந்த அம்மா, தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, அடுத்த ரத்தத்துக்கான தேதி எழுதிய சீட்டைப் பையில் மடித்து வைக்கிறாள்.