கழியும் பாயூவும்: நிலம் படிமமாகும் முறை

ஒரு நிலம் அங்கு வாழ்வோரின் நினைவில் பதிவது ஒன்று. அதனைக் காணாதோரின் கற்பனையில் படிமமாவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை அமெரிக்கப் பண்பாட்டின் 'பாயூ'வையும் சங்க இலக்கியத்தின் 'கழி'யையும் ஒப்பிட்டு இக்கட்டுரையில் காண்போம். பந்திங் வட்டாரத்தில் தமிழ் கற்பிப்போருக்கு இவ்வொப்பீடு எவ்வகையில் பயன்படும் என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

பாயூ என்பது லூசியானாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் சதுப்பின் ஊடே மெல்ல நகரும் நீர்வழி. சோக்டா பழங்குடியினர் சிற்றோடைக்கு வழங்கிய சொல், லூசியானாவின் பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்தில் கலந்தது. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்ட அக்கேடியருள் பலர் பின்னர் இந்நீர்வழிகளின் கரைகளில் குடியேறினர். அவர்களின் துயரை 'எவாஞ்சலின்' எனும் நெடும்பாடலாக 1847இல் வெளியிட்ட லாங்ஃபெல்லோ, லூசியானாவை நேரில் கண்டவரல்லர். 1969இல் பாயூவில் பிறந்தவனாகத் தம்மைப் பாவித்துப் பாடிய ஜான் ஃபோகர்ட்டி, கலிபோர்னியாவில் பிறந்தவர்.

இவ்வாறு பாயூ, ஏக்கத்திற்கும் மருமத்திற்கும் உரிய படிமமாக நாடெங்கும் பரவியது. நிலமோ கரைந்துகொண்டிருந்தது. கரையணைகள் ஆற்று வண்டலைத் தடுத்தன. எண்ணெய் எடுப்பதற்காகச் சதுப்பை ஊடறுத்துக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. இவற்றாலும் பிற காரணங்களாலும் 1932க்கும் 2016க்கும் இடையே லூசியானாவின் கரையோரம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்தது. 2005இல் கத்ரீனா சூறாவளி தாக்கிய பின்னர் இவ்விழப்பு பரவலாகப் பேசப்பட்டது. படிமத்தின் அழகு நிலத்தின் அழிவை மறைக்கவும் கூடும் என்பதற்கு இது சான்றெனலாம்.

சங்கப் புலவர் கண்ட கழி இதனின்று வேறுபட்டது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல்; அவ்விரங்கல் கழியின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. ஓதம் ஏறினால் வழி மறையும். சுறாவும் முதலையும் திரியும் நீரைக் கடந்து தலைவன் வரவேண்டும். மாலையில் நெய்தற்பூக் குவியும். கண்டலும் தாழையும் புன்னையும் வெறும் அலங்காரங்கள் அல்ல, அந்நிலத்தின் கருப்பொருள்கள். நிலத்தின் இயக்கத்தை அறிந்தவர்க்கே பாடலின் உணர்வு முழுமையாக விளங்கும்.

இனிப் பந்திங்கிற்கு வருவோம். இந்நகரத்தை ஒட்டி ஓடும் லங்காட் ஆறு கடலை நெருங்குகையில், அலையேற்றமும் கண்டற்காடும் சேர்ந்த நிலத்தைக் காண்கிறோம். கேரித் தீவில் வாழும் மா மெரி மக்கள், கண்டற்காட்டு மரத்தில் தம் முன்னோர் ஆவிகளின் உருவங்களையும் முகமூடிகளையும் செதுக்குகின்றனர். நிலம் அவர்களுக்குக் கற்பனையன்று, வாழ்வின் மூலப்பொருள்.

இதே கோல லங்காட் மாவட்டத்தில் கடல்நீர் ஏறாத சதுப்பும் உண்டு. மக்கிய தாவரங்கள் நெடுங்காலம் படிந்து உருவான வட கோல லங்காட் வனக்காப்பகம் அத்தகையது. அதன் பெரும்பகுதியின் காப்புநிலை 2021இல் நீக்கப்பட்டது. அதனைச் சார்ந்து வாழும் தெமுவான் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அப்பகுதியை மீண்டும் காப்பகமாக்க மாநில அரசு முடிவு செய்தது. நிலத்தை அறிந்தோர் பேசியபோது பொதுவாழ்வும் செவிசாய்த்தது.

நெய்தலைக் கற்பிக்கும்போது தமிழகக் கடற்கரையை மட்டுமே மாணவர்க்குச் சுட்டுகிறோமா என நாம் எண்ண வேண்டும். 'கழி' எனும் சொல்லுக்கு உரிய பொருள் நம் அருகிலேயே ஓதத்தோடு ஏறி இறங்குகிறது. மாணவரை அங்கு அழைத்துச் சென்று, ஒரு மாலை முழுவதும் நீரின் ஏற்றத்தைக் காணச் செய்தல் வேண்டும். இல்லையெனில் சங்க இலக்கியத்தின் கழியும், காணாதோர் பாடிய பாயூவைப் போல, நிலத்தை இழந்த படிமமாகவே அவர்களிடம் எஞ்சும்.