நீலகிரிப் புல்வெளிகளும் தோடர்களும்

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் பள்ளங்களில் சோலைக் காடுகளும், அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் புல்வெளிகளும் அமைந்துள்ளன. இவ்வமைப்பு சோலைப் புல்வெளி எனப்படும். இப்புல்வெளிகளே நீலகிரி வரையாட்டின் மேய்ச்சல் நிலம்; குறிஞ்சிச் செடி வளர்வதும் இங்கேதான். மழைநீர் மண்ணில் ஊறி, சதுப்புகளில் தங்கி, கோடையிலும் ஓடைகளாகக் கசிகிறது. பவானி ஆறு இத்தகைய நீரால் வளம் பெறுகிறது.

தோடர்கள் இங்கு எருமை வளர்க்கும் பழங்குடியினர். அவர்களுக்குப் பால்மனையே கோயில். அதன் கூரையை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். ஆகவே எருமை, புல்வெளி, சதுப்பு மூன்றும் அவர்களது வாழ்விலும் வழிபாட்டிலும் பிரிக்க முடியாதவை. வறண்ட பருவத்தில் முற்றிய புல்லை எரித்து, புதுப்புல் துளிர்க்கச் செய்வதும் அவர்களது வழக்கமாக இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் புல்வெளிகள் தரிசு நிலமாகக் கருதப்பட்டன. ஆத்திரேலியாவைச் சேர்ந்த சீகை, தைல மரங்கள் விறகுக்காகவும், தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் இது தொடர்ந்தது. சீகை தானாகவே பரவியது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, சதுப்புகள் குறைந்தன, கூரைப்புல் அரிதாயிற்று.

1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. இன்று முக்கூர்த்தி போன்ற இடங்களில் அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நடைபெறுகிறது. இம்மலையில் புல்லைக் காப்பதும் நீரைக் காப்பதே ஆகும்.