பெல்பகாய் – நாமறிந்த சொல்லே!

மலாய்மொழிப் பாடநூலில் 'பெல்பகாய்' என்னும் பெயரடையை நாம் அடிக்கடி காண்கிறோம். 'பெல்பகாய் காவும்' என்றால் பல்வேறு இனத்தவர் என்று பொருள். 'பெல்பகாய் பூவா' என்றால் பல்வேறு பழங்கள். மாணவர்களே! அச்சொல்லைப் பிரித்து, மெல்ல ஒலித்துப் பாருங்கள்: பெல் – பகாய். நம் தமிழின் 'பலவகை' என்னும் சொல்லே அது.

'பல' என்பது 'பெல்' ஆயிற்று. 'வகை' என்பது 'பகாய்' ஆயிற்று. வகரமும் பகரமும் இதழின் தொழிலால் பிறப்பவை. ஆதலால், ஒன்று மற்றொன்றாக மாறுதல் எளிது. 'தம்பி'யில் வரும் பகரத்தையும் 'தங்கை'யில் வரும் ககரத்தையும் போலவே 'பகாய்' என்பதன் எழுத்துகளை ஒலித்தல் வேண்டும்.

'பகாய்' வேறு சொற்களிலும் வாழ்கிறது. 'எப்படி' என்று வினவ மலாயில் 'பகாய்மானா' என்கிறோம். 'மானா' என்பது 'எது' என்னும் வினா. ஆகவே, அதன் உட்பொருள் 'எவ்வகை' என்பதேயாம்.

தமிழ்ச் சொற்கள் பலவற்றைக் கடல் கடத்திக் கொணர்ந்தது வணிகம். 15ஆம் நூற்றாண்டில் நம் மலாக்கா பெருந்துறைமுகமாக விளங்கிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர் துணிகளை ஏற்றி வந்தனர். 1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றிய பின்னர், இங்கு வாழ்ந்த தோமே பிரேசு என்பவர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் வழங்கின என்று எழுதி வைத்தார். அத்தகைய வணிகத் தொடர்பினால் நம் கப்பல் 'காப்பால்' எனவும், கடை 'கெடாய்' எனவும், வணிகர் இடும் முதல் 'மோடால்' எனவும், பெட்டி 'பெத்தி' எனவும் மலாயில் கலந்தன.

நாமும் சொற்களைப் பெற்றுள்ளோம். 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லே தோட்டத்து மக்களின் நாவில் 'கித்தா' ஆயிற்று. 'கம்போங்' நமக்குக் 'கம்பம்' ஆயிற்று. கொடுத்தலும் கொள்ளுதலும் ஒருங்கே வாழும் மக்களின் இயல்பு.

ஆயினும், ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். அன்று வந்த வணிகருள் பலர் இங்கேயே மணம்புரிந்து தங்கினர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். 1781ஆம் ஆண்டில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை எழுப்பிய அச்சமூகத்தார், முன்னோர் வழிபாட்டை இன்றும் போற்றி வருகின்றனர். எனினும், அவர்தம் இல்லங்களில் ஒலிப்பது மலாய்மொழியே. முன்னோர் கொணர்ந்த சொற்கள் மலாயில் நிலைத்தன. அவர்கள் பேசிய தமிழோ இல்லத்தில் நிலைக்கவில்லை.

சொற்கள் பிறர் நாவிலும் வாழும். மொழி வாழ்வதற்கு நாமே அதனைப் பேசுதல் வேண்டும். மலாயை நன்கு கற்போம். தமிழை நாள்தோறும் பேசுவோம்!