முற்றத்துச் சிரிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கத்தோலிக்க ஊர்களில் அழுகைக்கும் சிரிப்புக்கும் முன்பு தனித்தனி இடங்கள் இருந்தன. அழுகை கோயிலுக்கு உள்ளே, சிரிப்பு கோயில் முற்றத்தில். தவக்காலத்தில் உள்ளே வியாகுலப் பிரசங்கம் படிக்கப்பட்டது. பெருநாளை ஒட்டிய இரவுகளில் வெளியே கூத்து ஆடப்பட்டது. உள்ளே முழந்தாளிட்டு விம்மிய அதே சனம், வெளியே பாய் விரித்து இருந்து பபூனின் பகிடிக்கு வயிறு நோகச் சிரித்தது.

அழுகைக்குக் காரணம் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகள், பிச்சைக்காரக் கோலத்தில் திரிந்து, சில்லாலையில் மறைந்திருந்து, இரவுகளில் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடிய ஏறக்குறைய 300 பேரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். பாலன் பிறப்பைக்கூடக் குரல் தாழ்த்திக் கொண்டாட வேண்டியிருந்த காலம் அது. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதியதே வியாகுலப் பிரசங்கம். கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரியின் சாயலில் சொல்லும் அந்த நூல், ஒளிந்து வாழ்ந்த சனத்தின் நெஞ்சில் எளிதாக ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வாஸ், கொன்சால்வெஸ் இருவரும் ஒரட்டோரியன் மரபுக் குருக்கள். அந்த மரபை 16ஆம் நூற்றாண்டின் உரோமையில் தொடங்கியவர் பிலிப்பு நேரியார். தம்மைப் புனிதர் என்று கொண்டாட வந்தவர்கள் முன்னால் பாதித் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு தோன்றியவர் என்றும், பகிடிப் புத்தகம் ஒன்றை விரும்பி வாசித்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். சிரிப்புக்குப் பெயர்போன அந்தப் புனிதரின் வழிவந்தவர்களிடம் யாழ்ப்பாணம் கண்ணீரின் நூலைப் பெற்றுக்கொண்டது. சிரிப்பை அது தானாகவே தேடிக்கொண்டது.

தேடிக்கொண்ட இடம் தென்மோடிக் கூத்து. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மெலிஞ்சிமுனை போன்ற கரையோர ஊர்களில் அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்க, பகலில் கடலுக்குப் போனவர்கள் இரவில் அரசர்களாகவும் வேதசாட்சிகளாகவும் மாறினார்கள். எண்டிறீக்கு எம்பரதோர், ஞானசவுந்தரி, தேவசகாயம்பிள்ளை முதலிய கதைகள் விடியும்வரை நடந்தன. அரசரும் புனிதரும் பாட்டில் பேசினார்கள். பபூன் ஊர்ப் பேச்சில் பேசினான். அரச கட்டளையைப் பிழையாக விளங்கிக்கொள்ளவும், மந்திரியை நையாண்டி பண்ணவும், ஊர்ப் பெரியவர் ஒருவரை நாசூக்காக இழுத்துவிடவும் அவனுக்கு உரிமை இருந்தது. தலை கொய்யப்படும் கதையிலும் அவனுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் கோயிலுக்குள் பூசை இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி நிற்க, சனம் பின்னால் இருந்து செபமாலை சொன்னது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இந்த ஒழுங்கு மாறியது. பூசை தமிழுக்கு வந்தது, குருவானவர் சனத்தைப் பார்த்துத் திரும்பினார். சங்கம் நிறைவுற்ற அதே 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, முற்றத்துக் கலையை அரங்குக்குக் கொண்டுபோனார். இன்று மிருதங்கமும் கீபோர்டும் பீடத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கின்றன. பிள்ளைகள் கைதட்டிப் பாடுகிறார்கள். பிரசங்கத்தில் ஒரு பகிடி விழுந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய மடலுக்கு 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்றே பெயர் வைத்தார். 2018இல் தூய வாழ்வு பற்றி எழுதியபோது நகைச்சுவை உணர்வையும் அதன் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார். 2024 யூனில் நூற்றுக்கு மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துச் சந்தித்தார். 1689இல் ஒளித்துக் கொண்டாடிய விசுவாசத்துக்கும் பகல் வெளிச்சம் கிடைத்தது. 2015 சனவரி 14 அன்று காலிமுகத்திடலில், இலட்சக்கணக்கானோர் முன்னிலையில், அதே திருத்தந்தை யோசேவாஸைப் புனிதராக அறிவித்தார். கூத்துக் களரியில் எப்போதோ புனிதராகிவிட்டிருந்த தேவசகாயம்பிள்ளைக்கு 2022 மே 15இல் உரோமையிலும் அந்தப் பட்டம் கிடைத்தது.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே போர் கிடக்கிறது. 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு விழுந்தது. 1995 யூலையில் நவாலி இராயப்பர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் ஷெல் விழுந்ததும் சனம் தஞ்சமடைந்திருந்த ஆலயத்தில்தான். அது பிலிப்பு நேரியாரின் பெயரைத் தாங்கிய ஆலயம். சில நாட்களில் அதன் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் காணாமற்போனார். ஊரடங்கு இருந்த இரவுகளில் விடியும்வரை கூத்து எப்படி நடக்கும்? பாட்டுக் கொப்பிகள் சில இடம்பெயர்வில் தொலைந்தன. பாட்டறிந்தவர்கள் பலர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள்.

கூத்து அழிந்துவிடவில்லை. விடியும்வரை நீண்டது இப்போது ஒன்றரை இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியிருக்கிறது. பெண் வேடத்தை ஆண்களே கட்டிய இடத்தில் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஊர் மட்டும் பார்த்ததை இன்று புலம்பெயர்ந்த உறவுகள் கைபேசியில் பார்க்கின்றன. இவை சின்ன இலாபங்கள் அல்ல. ஆனால் நேரத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் பபூனின் பகுதி. கதைக்கு அவன் தேவையில்லை என்று எழுத்தில் பார்க்கும்போது தோன்றும். அவன் பேச்சில் பாதி எந்தக் கொப்பியிலும் இல்லாதது, அந்தந்த இரவில் அந்தந்த ஊருக்காகப் பிறந்தது.

சிரிப்பு இப்போது கோயிலுக்குள் வந்துவிட்டது, அதற்குத் திருச்சபையின் ஆசீர்வாதமும் இருக்கிறது. முன்பு அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பகிடி சொன்னவன் வலை இழுக்கும் தொழிலாளி, முன்வரிசையில் இருந்து சிரித்தவர் பங்குச் சுவாமியார். இன்று ஒலிவாங்கி சுவாமியாரிடம் இருக்கிறது, சிரிக்கும் முறை சனத்துடையது.