ஆயுள் ரேகை எங்கே இருக்கிறது?

ஆயுள் ரேகை உள்ளங்கையில் ஓடுகிறது என்பார் ஜோசியர். ஜனத்தொகைக் கணக்கு எடுப்பவரோ, "முதலில் எந்த ஊரில் பிறந்தீர்கள், சொல்லுங்கள்!" என்பார். 2016-20 கணக்குப்படி, பிறக்கும் குழந்தை சராசரியாகக் கேரளத்தில் 75 வயது வரை வாழலாம், தமிழ்நாட்டில் 73, சத்தீஸ்கரில் 65 தான். ஒரே தேசம், பத்து வருஷ வித்தியாசம்!

"அப்படியானால் நமக்குக் கவலை இல்லை" என்று சந்தோஷப்படுகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். சராசரி பொல்லாதது, பல சங்கதிகளை மறைத்துவிடும். சேலத்துப் பக்கம் வாருங்கள்.

மாம்பழத்துக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் பெயர்போன ஊர். ஓமலூர், எடப்பாடி, நாமக்கல் என்று சுற்றிலும் தறியிலும் தோட்டத்திலும் பாடுபடும் ஜனங்கள். ஆனால் 1991-ல், நாமக்கல்லும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவில், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தன. இயற்கை விட்டபடி விட்டால் சுமார் 950 இருக்க வேண்டும். பாக்கி நூறு பேர் எங்கே?

ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் விடை இருந்தது. சிசு மரணத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், "சமூகக் காரணம்" என்று குறித்திருந்தார்கள். பிறந்த சில நாட்களில் வீட்டிலேயே கொல்லப்பட்ட பெண் சிசுக்களுக்கு அப்படியொரு கௌரவமான பெயர்! முதல் பெண்ணைச் சீராட்டி வளர்த்த வீட்டிலேயே இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கு ஆபத்து வந்தது. நோய் அல்ல காரணம்; நகைக்கும் சீருக்கும் எங்கே போவது என்ற பயம்.

1992-ல் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வளர்க்க முடியாதவர்கள் சிசுவைத் தொட்டிலில் விட்டுப் போகலாம். சர்க்கார் வளர்த்துத் தத்துக் கொடுக்கும். "பெற்றவர்கள் கைகழுவ வழி செய்வதா?" என்று கண்டித்தவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு உயிர் இருந்ததே!

2011-ல் சேலத்தின் கணக்கு 916 ஆக ஏறியது. மாநிலத்தின் கணக்கோ 943. இன்னும் வழி பாக்கி இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கான் பார்த்துச் சொல்வதை 1994-ம் வருஷச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டுப் பேச்சைத் தடுக்கச் சட்டம் ஏது?

ஆகவே, சகோதரிகளே, உங்கள் தெருவில் யாருக்காவது இரண்டாவது பெண் பிறந்தால், "மறுபடியும் பெண்ணா?" என்று உச்சுக்கொட்டாதீர்கள். பெற்றவள் காதில் முதலில் விழுவது அந்தப் பேச்சுத்தான். கொஞ்சம் கற்கண்டு வாங்கிக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.