உங்களுக்குத் தெரியுமா?

1983ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரின் முதல் ஒன்பது பந்தயங்களையும் ஒருவரே வென்றார்: பிரேசிலைச் சேர்ந்த 23 வயது அயர்ட்டன் சென்னா. பட்டம் அத்தோடு முடிவாகிவிடவில்லை. இங்கிலாந்தின் மார்ட்டின் பிரண்டில் பின்பாதியில் அடுத்தடுத்து வென்று விரட்டிப் பிடித்தார். அவரை முந்தும் அவசரத்தில் சென்னா மோதலிலும் சிக்கினார். ஓல்ட்டன் பார்க்கில் அவருடைய கார் பிரண்டிலின் கார் மேலேயே ஏறி நின்றது.

திரக்ஸ்டனில் கடைசிப் பந்தயம். பிரண்டில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தார். என்ஜின் ஆயில் சீக்கிரம் சூடேறினால்தான் தொடக்கச் சுற்றுகளில் முழு வேகம் கிடைக்கும். அதற்காக ஆயில் ரேடியேட்டரின் காற்று வழியை டேப் ஒட்டி மறைத்துவிட்டுக் கிளம்பினார் சென்னா. அப்படியே விட்டால் என்ஜின் கொதித்துப் போகும். அதனால் ஓடும் காரிலேயே சீட் பெல்ட்டைத் தளர்த்தி, கையை வெளியே நீட்டி, டேப்பைப் பிய்த்தெறிந்தார்! எவ்வளவு ஆபத்தான துணிச்சல்! பந்தயமும் பட்டமும் அவருக்கே.

பிரண்டிலின் போராட்டமும் சாதாரணமானதல்ல. மறு ஆண்டே இருவரும் ஃபார்முலா 1-இல் அறிமுகமானார்கள். சென்னா டோல்மன் அணியில், பிரண்டில் டைரல் அணியில்.